டீசல் விலையும் லோடு வாடகையும்: எல்லைப் பக்கம் புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் புதிதாக ஒரு லோடு வண்டி எடுத்து, வியாபாரியிடம் வாடகை பேசப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் போட்டேன்.

2022 பிப்ரவரி முதல் வாரம். வேலந்தாவளத்தில் இருந்து எர்ணாகுளத்துக்குக் காய்கறி லோடு, ஒரு வருடத்துக்கு ஒரே வாடகை என்று ஒரு மொத்த வியாபாரியிடம் எழுதிக் கொடுத்தேன். "டீசல் மூணு மாசமா அசையவே இல்லைங்களே முதலாளி, அப்புறம் என்னங்க பயம்" என்று நானேதான் சொன்னேன். மார்ச் 22ஆம் தேதி காலையில் லிட்டருக்கு 80 காசு ஏறியது. ஏப்ரல் 6ஆம் தேதிக்குள், 16 நாளில் 14 முறை ஏறி, 10 ரூபாய் கூடிவிட்டது. என் வண்டிக்கு ஒரு நடைக்கு, அதாவது ஒரு முறை போய் வர, 43 லிட்டர் வேண்டும். நடைக்கு 430 ரூபாய், மாதம் 22 நடைக்கு 9,460 ரூபாய் கையை விட்டுப் போனது. வாடகையைக் கூட்டிக் கேட்க வாயில்லை, ஏனென்றால் பத்திரத்தில் என் கையெழுத்து இருந்தது.

அடுத்து எழுதிய பத்திரத்திலும் வேறொரு தவறு செய்தேன். அதை 4ஆம் படியில் சொல்கிறேன். உலகத்தில் எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி இல்லை. ஆனால் அந்தச் செய்தியை வாடகைக் கணக்கில் எங்கே சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்கக் கூடாது என்று தெரிய வேண்டும்.

1. முதலில் உங்கள் வண்டியின் லிட்டர் கணக்கை எடுங்கள்

கம்பெனிக்காரர் சொன்ன மைலேஜை நம்பி வாடகை பேசாதீர்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், ஒரு நடை முழுதாகப் போய் வாருங்கள், அதே பங்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். இரண்டாவது பில்லில் உள்ள லிட்டர்தான் உங்கள் நடைக்கணக்கு. இப்படிக் குறைந்தது ஐந்து நடை எடுத்துச் சராசரி பாருங்கள். போகும்போது லோடு, வரும்போது காலி, எர்ணாகுளத்து நெரிசலில் நிற்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டு வாரம் போதும்.

ஒரு இருநூறு பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர், அன்றைய விலை நான்கையும் எழுதுங்கள். பில்லை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். சில பங்க் பில்லில் மை ஒரு மாதத்தில் அழிந்துவிடும், அதனால் போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பின்னால் வியாபாரி "இவ்வளவு லிட்டரா பிடிக்கும்?" என்று கேட்டால், இந்த நோட்டுதான் உங்கள் பக்கம் பேசும்.

2. எந்த விலையைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மூன்று விலை இருக்கிறது.

டிவியில் வருவது, உலகச் சந்தையில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் பிரென்ட் கச்சா எண்ணெய் விலை. ஒரு பேரலுக்கு இத்தனை டாலர் என்று சொல்வார்கள். ஒரு பேரல் என்பது சுமார் 159 லிட்டர்.

இரண்டாவது, இந்தியா வாங்கும் கலவையின் விலை. ஓமன், துபாய் எண்ணெயையும் பிரென்டையும் சேர்த்துப் போடும் சராசரி இது. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் உள்ள பி.பி.ஏ.சி. என்ற பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்துதான் வருகிறது. அதனால் டிவியில் சொல்லும் பிரென்டைவிட இந்த விலைதான் நமக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

மூன்றாவது, பங்கில் காலை 6 மணிக்கு மாறும் சில்லறை விலை. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி மாற்றும் முறை வந்தது. ஆனால் "மாற்றலாம்" என்பதற்கும் "மாறும்" என்பதற்கும் தூரம் அதிகம். 2021 நவம்பரில் இருந்து 2022 மார்ச் 21 வரை ஒரு காசு அசையவில்லை. அந்த நாட்களில்தான் பிரென்ட் 70 டாலர் பக்கத்தில் இருந்து ஏறிக்கொண்டே போய், உக்ரைன் போர் தொடங்கிய பிப்ரவரி 24 அன்று 100ஐத் தாண்டியது. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்து முடிவும் வந்த பிறகுதான் பங்கில் ஏற்றம் தொடங்கியது. நான் அசையாத விலையைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். அசையாத விலைக்குப் பின்னால் ஏற்றம் சேர்ந்துகொண்டு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இறங்கும்போதும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. எண்ணெய் பேரலுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆள் இல்லை, சேமித்து வைக்கவும் இடம் இல்லை. டீசல் பாதி விலைக்கு வரும் என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் பேசினார்கள். மே முதல் வாரம் மத்திய அரசு டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் வரியைக் கூட்டியது. அந்த இறக்கம் பங்க் வரை வரவே இல்லை.

ஒரு சின்ன மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 85 ரூபாய் என்றால், பேரலுக்கு ஒரு டாலர் ஏறுவது வரிக்கு முன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 53 காசு. 10 டாலர் ஏறினால் 5 ரூபாய் 35 காசு. ரூபாய் மதிப்பு சரிந்தால் கச்சா எண்ணெய் அசையாமலேயே இது கூடும். கணக்கு தோராயம்தான், ஏனென்றால் ஆலைகள் விற்கும் டீசலுக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. 2022இல் கச்சாவைவிட டீசல் வேகமாக ஏறியது.

3. எல்லையின் எந்தப் பக்கம் டேங்க் நிரப்புவது

கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக கோயம்புத்தூருக்கும் கரூருக்கும் எண்ணெய்க் குழாய் போகிறது. நம் வயல்களைத் தாண்டி அந்தப் பக்கம் போகும் டீசல், அங்கே நம் ஊரைவிடக் குறைவாக விற்கிறது. காரணம் மாநில வரி. கேரளத்தில் டீசலுக்கு 22.76 சதவீத விற்பனை வரி, லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் விற்பனை வரி, 2023 ஏப்ரல் 1 முதல் 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ். தமிழ்நாட்டில் 11 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் நிலையான வரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சதவீத வரி உலக விலையோடு சேர்ந்து ஏறும், நிலையான வரி ஏறாது. மேலே சொன்ன 5 ரூபாய் 35 காசு, கேரளத்துப் பங்கில் ஏறக்குறைய 6 ரூபாய் 57 காசாகவும் தமிழ்நாட்டுப் பங்கில் 5 ரூபாய் 94 காசாகவும் வந்து சேரும். உலக விலை ஏற ஏற, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் விரியும். எண்ணெய் மலிவாக இருக்கும் காலத்தில் அந்தப் பக்கம் போய் நிரப்புவதில் பெரிய லாபம் இருக்காது.

லோடு ஏற்றவோ இறக்கவோ பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் போகிற நாளில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாகப் போகாதீர்கள். லிட்டருக்கு 2 ரூபாய் வித்தியாசம் என்றால், 120 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 240 ரூபாய். போக வர 20 கிலோமீட்டர் கூடுதல் என்றால் இரண்டரை லிட்டர், அதாவது 230 ரூபாய் போய்விடும். ஒரு மணி நேரமும் போகும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பெர்மிட். கே.எல். 70 வண்டி தமிழ்நாட்டுக்குள் போக நேஷனல் பெர்மிட்டோ, அந்த மாநிலத்துக்குச் செல்லும் மேலொப்பமிட்ட பெர்மிட்டோ வேண்டும். "காலி வண்டிதானே, டீசல் போடத்தானே வந்தேன்" என்பது எடுபடாது, சட்டம் காலி வண்டிக்கும் பெர்மிட் கேட்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சிறு வண்டிக்கு மட்டும் பெர்மிட் தேவையில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, சாலை வரி ரசீது எல்லாம் நடப்பில் இருக்கட்டும். இரண்டு, கேனிலும் பேரலிலும் அந்தப் பக்கத்து டீசலைக் கொண்டுவந்து வீட்டில் வைக்காதீர்கள். வரித்துறையும் போலீசும் பிடித்தால் வண்டியே நின்றுபோகும். வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்தில் பேரல் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும்.

4. பத்திரத்தில் என்ன எழுத வேண்டும்

என் இரண்டாவது தவறு இது. 2022 ஜூனில், முதல் வியாபாரியை விட்டு வேறொருவரிடம் சேர்ந்தேன். இந்த முறை உஷாராக இருக்கிறோம் என்று நினைத்து, "உலகச் சந்தையில் எண்ணெய் விலை மாறினால் அதற்கேற்ப வாடகை மாறும்" என்று எழுதினோம். அப்போது பிரென்ட் 110 டாலருக்கும் மேலே. அடுத்த ஏப்ரலில் அது 80க்கும் 90க்கும் நடுவில் இருந்தது. பங்கில் விலை இறங்கவே இல்லை. அதற்கு மேல் கேரளத்தில் 2 ரூபாய் செஸ்ஸும் சேர்ந்துகொண்டது. அவர் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, உலக விலை இருபது டாலருக்கு மேல கொறஞ்சிருக்கு, வாடகையைக் கொறைங்க" என்றார். எழுதியிருந்தது அப்படித்தான். நான் கூடுதல் விலைக்கு டீசல் போட்டுக்கொண்டே வாடகையைக் குறைக்க வேண்டி வந்தது.

அதனால் பத்திரத்தில் கச்சா எண்ணெய், பிரென்ட், உலகச் சந்தை என்ற சொற்களே வேண்டாம். நீங்கள் பணம் கொடுப்பது பங்கில். பங்க் விலையை மட்டும் எழுதுங்கள். இப்போது நான் எழுதிக்கொள்ளும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்த ஒப்பந்தம் எழுதும் தேதியில், இன்ன ஊரில் உள்ள இன்ன பங்கில் காலை 6 மணி டீசல் விலை லிட்டருக்கு ____ ரூபாய். இதுவே அடிப்படை விலை. ஒரு நடைக்கு டீசல் 43 லிட்டர் என இருவரும் ஒப்புக்கொள்கிறோம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் அதே பங்கின் விலை பார்க்கப்படும். அடிப்படை விலையில் இருந்து ஒரு ரூபாய்க்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, எந்தக் காரணத்தால் ஆனாலும், அந்த முழு வித்தியாசத்தை 43 ஆல் பெருக்கி நடை வாடகையில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்."

"எந்தக் காரணத்தால் ஆனாலும்" என்ற மூன்று சொல்லை விட்டுவிடாதீர்கள். போர் வரலாம், மத்திய வரி மாறலாம், மாநில செஸ் வரலாம், ரூபாய் சரியலாம். எல்லாம் அதற்குள் அடங்கும்.

சிலர் "டீசல் 10 சதவீதம் ஏறினால் வாடகை 4 சதவீதம்" என்று எழுதுகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அது சரி. நம் அளவில் சதவீதம் சண்டையைத்தான் கொண்டுவரும். லிட்டர் கணக்கு யாருக்கும் புரியும். 4 ரூபாய் ஏறினால் 172 ரூபாய், அவ்வளவுதான்.

மாதம் இரண்டு முறை என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. தினசரி முறை வருவதற்கு முன்பு எண்ணெய் நிறுவனங்கள் 1, 16 தேதிகளில்தான் விலையை மாற்றி வந்தன. பழைய வியாபாரிகளுக்கு அந்தத் தேதிகள் பழக்கம், மறுக்க மாட்டார்கள். தினமும் மாற்றுவோம் என்று கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால், 2022இல் வந்தது போல 16 நாளில் 10 ரூபாய் ஏறினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

குறைந்தால் குறைப்பேன் என்பதையும் மனதார எழுதுங்கள். 2022 மே 22 அன்று மத்திய வரியில் 6 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச் 15 அன்று நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. இரண்டாவது முறை, வியாபாரி கேட்பதற்கு முன்னால் நானே 86 ரூபாயைக் கழித்து பில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் என் நோட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தேவையான காகிதங்கள்: இரண்டு பேரின் ஆதார் நகல், வண்டியின் ஆர்.சி. நகல், உங்கள் பான் எண், வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண், எழுதும் நாளின் பங்க் விலைப்பலகை போட்டோ, ஐந்து நடையின் டீசல் பில் நகல். கையெழுத்து எந்த மாநிலத்தில் நடக்கிறதோ அந்த மாநில முத்திரைத்தாளில் எழுதுங்கள். மதிப்பு அவ்வப்போது மாறுகிறது, பத்திரம் எழுதுபவரிடம் அன்றைய மதிப்பைக் கேளுங்கள். எனக்கு எழுத்துக்கூலியும் சேர்த்து 700 ரூபாய் ஆனது. மலையாளத்தில் எழுதினால் தமிழிலும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். புரியாத வரியில் கையெழுத்து வேண்டாம். இரண்டு சாட்சியில் ஒருவர் உங்கள் பக்கத்து ஆளாக இருக்கட்டும்.

எப்போது பேசுவது? ஓணத்துக்கு ஒரு மாதம் முன்னால், ஆடியில். அப்போது எல்லா மார்க்கெட்டுக்கும் வண்டி வேண்டும், வியாபாரி உங்கள் பேச்சைக் கேட்பார். ஓணம் முடிந்த வாரத்தில் போய் நின்றால், ஸ்டாண்டில் சும்மா நிற்கும் வண்டிகளைக் காட்டுவார்.

5. வாரம் கால் மணி நேரம் செய்தி பாருங்கள்

பத்திரம் பங்க் விலையோடு கட்டியாகிவிட்டது. அப்புறம் உலகச் செய்தி எதற்கு? கையில் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும், புதிய ஒப்பந்தத்துக்கு எப்போது அவசரப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

உலகம் ஒரு நாளைக்கு 10 கோடி பேரலுக்கு மேல் செலவு செய்கிறது. அதில் சில லட்சம் பேரல் கூடினாலோ குறைந்தாலோ விலை ஆடும். வரத்துப் பக்கம், எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஒபெக் கூட்டமைப்பு நாடுகளும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும் சேர்ந்த ஒபெக் பிளஸ் உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும், திறந்துவிட்டால் இறங்கும். அமெரிக்கா ஒன்றே தினமும் சுமார் 1.3 கோடி பேரல் எடுக்கிறது. தேவைப் பக்கம் சீனாவைப் பாருங்கள், கச்சா இறக்குமதியில் முதல் இடம் அதற்குத்தான். அங்கே தொழில் மந்தம் என்று செய்தி வந்தால் விலை தளரும்.

அமெரிக்க எரிசக்தித் தகவல் அமைப்பின் வாராந்திரக் கையிருப்புக் கணக்கு வழக்கமாகப் புதன்கிழமை நம் நேரம் இரவு 8 மணிக்கு வரும், அவர்களுடைய குளிர்காலத்தில் 9 மணிக்கு. நான் வியாழன் காலை டீ குடிக்கும்போது பிரென்ட், இந்தியக் கலவை, டாலர் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுவேன். கலவை விலை ஆறு வாரமாக ஏறிக்கொண்டே இருக்கிறது, பங்க் விலை அசையவில்லை, தேர்தலும் முடியப்போகிறது என்றால் நான் பணத்தைச் சேர்க்க ஆரம்பிப்பேன்.

ஒரே நாள் பரபரப்புக்கு ஓடாதீர்கள். 2025 ஜூனில் இஸ்ரேல், ஈரான் மோதலின்போது ஹார்முஸ் நீரிணையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில், 70 டாலருக்குக் கீழே இருந்த பிரென்ட் 80 வரை போனது. அப்போது உலக எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போர் நிறுத்தம் வந்ததும் இரண்டே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நம் பங்கில் விலை மாறவே இல்லை. அந்த வாரம் எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் பயந்து போய் கடன் வாங்கிப் பேரலில் டீசல் சேர்த்தார், வட்டிதான் மிச்சம்.

பட்ஜெட் தேதிகளையும் குறித்து வையுங்கள். மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1, கேரள பட்ஜெட் பெரும்பாலும் அதே மாதத்தை ஒட்டி. 2 ரூபாய் செஸ் அப்படித்தான் பிப்ரவரியில் அறிவித்து ஏப்ரலில் வந்தது. ஏற்பாடு செய்ய எனக்கு இரண்டு மாதம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

6. கையிருப்பும் பங்க் கடனும்

வாடகைப் பணம் வர 15 முதல் 30 நாள் ஆகும். டீசலுக்கு அன்றே பணம் வேண்டும். 12 நடைக்கான டீசல் காசைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 43 லிட்டர், 95 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 49,000 ரூபாய். ஒரேயடியாக முடியாது. நடைக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் நான்கைந்து மாதத்தில் சேர்ந்துவிடும்.

பங்கில் கடன் வைத்தால் ஒவ்வொரு சீட்டிலும் லிட்டரும் அன்றைய விலையும் எழுதி வாங்குங்கள். லிட்டர் மட்டும் எழுதி, வாரக் கடைசியில் ஏறிய விலைக்குக் கணக்குப் போட்டு என்னிடம் ஒரு இடத்தில் வசூலித்தார்கள். சீட்டில் விலை இல்லாததால் என்னால் பேச முடியவில்லை.

7. தேதி வந்ததும் கேட்டுவிடுங்கள்

பத்திரம் எழுதியும் வாய்திறக்கக் கூச்சப்பட்டு நஷ்டப்படுகிறவர்கள் அதிகம். 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் காலை 7 மணிக்குள் பங்க் விலைப்பலகையைப் போட்டோ எடுத்து, விலை மாறாவிட்டாலும் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவது இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"முதலாளி, வணக்கமுங்க. இன்று 16ஆம் தேதி. நம்ம பங்கில் டீசல் 97.10. பத்திரத்தில் அடிப்படை விலை 95.00. வித்தியாசம் 2.10, 43 லிட்டருக்கு 90 ரூபாய். இன்றைய லோடு முதல் நடை வாடகையில் 90 சேர்த்துப் போடுறேனுங்க. போட்டோ கீழே இருக்கு."